குவாங் பெருக்கிய இடம்

நாலாம் டிவிஷன் முடிகிற இடத்தில்
யானைக்காகப் போட்ட மின்கம்பி.
கம்பிக்கு அப்பால் மேடு.
ஒருநாள் ஒதுங்கப் போனபோதுதான்
அந்தத் தரையைப் பார்த்தேன்.

காடு என்றால் சருகு.
கணுக்கால் புதைய ஈரச் சருகு, அட்டை, வேர்.
அதன் நடுவே
நாலு பாய் விரிக்கலாம் போல வெறும் மண்.
ஒரு இலை இல்லை, ஒரு குச்சி இல்லை,
விளக்குமாறு இழுத்த கோடும் இல்லை.

என் வேலையும் அதுதான்.
முதுகில் பதினெட்டு லிட்டர் பம்பு,
செம்பனை மரத்துக்கு மரம் வட்டம் அடிக்கிறேன்.
வட்டத்துக்குள் புல் தலைகாட்டினால்
மண்டோர் சிகாமணி என் பேருக்கு நேரே கோடு போடுவார்.
இங்கே யார் மண்டோர்?

செமாய்க் கம்பத்து வா ரிந்தி
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னாள்:
"குவாங். ஆண் குவாங்.
ஆடுவதற்குத் தரை வைத்திருக்கும்.
நீ பார்க்க மாட்டாய்.
உன் பூட்ஸ் சத்தம் அதற்கு நேற்றே கேட்டிருக்கும்."

விடியுமுன் பெரட்டில் நிற்கும்போது
மேட்டிலிருந்து வரும் கு-வாவ், கு-வாவ்.
கொடுத்த கடனை யாரோ
பேர் சொல்லாமல் கேட்பது போல.
பதினோரு வருஷம் கேட்டிருக்கிறேன்.
குரங்கு என்று நினைத்திருந்தேன்.

சோதித்துப் பார்க்கத் தோன்றியது.
மைலோ டின் மூடியை நடுவில் வைத்தேன்.
மறுநாள் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது.
சிலிம் ரிவரில் எடுத்து விழாமல்போன
நாலு நம்பர் சீட்டை வைத்தேன்.
அதற்கும் அதே மரியாதை.
பிறகு ஒரு கல், கொஞ்சம் கனமானது.
சுற்றிலும் மண்ணெல்லாம் கீறல்,
கல் மட்டும் வைத்த இடத்தில்.
வெட்கமாகிவிட்டது. நானே எடுத்துப் போட்டேன்.

இறகு ஒன்று கிடைத்தது, என் கையைவிட நீளம்.
வரிசையாகக் கண்கள்.
ஒவ்வொரு கண்ணும் நிழல் விழுந்த உருண்டை,
தொட்டால் உருண்டு ஓடும் போல.
தொட்டேன். தட்டை.

"ஆடி முடித்தால் அதன் வேலை முடிந்தது" என்றாள் ரிந்தி.
"முட்டை இரண்டு. அடைகாப்பது, குஞ்சை மேய்ப்பது
எல்லாம் பெட்டைதான்."
பெருக்கவாவது செய்கிறதே என்றேன்.
சோறு புரையேறும் வரை சிரித்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
தரையின் நடுவில் ஒரு மூங்கில் சிலாம்பு.
சாண் உயரம். இரு விளிம்பும் சீவி
ஆழ ஊன்றியிருந்தது.
புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அது வரும். அலகால் இழுக்கும். வராது.
விட்டுவிட்டுப் போகத் தெரியாது அதற்கு.
கழுத்தைச் சுற்றி வளைத்துப்
பின்னுக்கு எக்கும்.
துப்பாக்கி வேண்டாம், கண்ணி வேண்டாம்.
அதன் சுத்தமே போதும்.

பிடுங்கினேன். உள்ளங்கை கிழிந்தது.
சீவிய கை யாருடையது என்று தெரியும்.
டிராக்டர் ஓட்டுகிற பொன்னரசு
லயத்துக் கோழிக்கூண்டுக்கு இப்படித்தான் சீவுவான்,
முனையில் இடப்பக்கம் ஒரு சாய்வு.
அவன் இடக்கைக்காரன்.

மறுநாள் பெரட்டில் என் கட்டைப் பார்த்தான்.
"என்னக்கா, கைய அறுத்துக்கிட்டியா?"
"முள்ளு" என்றேன்.
செம்பனை முள்ளைத் தெரியாதவர் இங்கே யார்.
தலையாட்டினான். நாலடி போய்
நின்றான். பிறகு போனான்.

மேட்டிலிருந்து சத்தமே இல்லை.
சிகாமணி பேர் வாசித்தார்.
என் பேர், ரிந்தி பேர்,
நேபாளத்துப் பையன்கள் பேர்,
அவர் உச்சரிப்பில் யாருடையதோ ஆகிவிட்ட பேர்கள்.
டிரம்மில் மருந்து கலக்கும்போது
கு-வாவ். ஒன்றே ஒன்று.
பிறகு அவசரமே இல்லாமல் வரிசையாக.

சாப்பாட்டு நேரத்தில் ஏறிப் போனேன்.
வழக்கம்போல யாருமில்லை.
நேற்று என் ரத்தம் சொட்டிய சருகை
அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்.
அதையும் ஓரத்தில் தள்ளியிருந்தது,
நாலு நம்பர் சீட்டுக்குப் பக்கத்தில்.